வெள்ளவூட்டின் ஏழாவது சன்னல்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் போய் ஆதிலட்சுமி எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சன்னல்காரி என்று கேட்டால் மீன் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவளைக் கை காட்டுவார்கள். பக்கத்தில் சன்னல் ஏதாவது இருக்கிறதா என்று புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். சன்னலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மேலே தகரம், கீழே ஈரம், நடுவில் சங்கராவும் வஞ்சிரமும் பரப்பி வைத்துக்கொண்டு அவள்.

பேர் எப்படி வந்தது என்று கேட்டால் சாதாரணமாகச் சொல்ல மாட்டாள். "மீன் வாங்க வந்தியா, கத கேக்க வந்தியா?" என்பாள். ஆனால் என்றைக்காவது மனசு வந்துவிட்டால் கையிலிருக்கிற கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு அங்கே நிற்கிறவர்களுக்கு மீன் கிடைக்காது. வீட்டுக்குப் போய்ப் பருப்புக் குழம்புதான். அப்படிப் பருப்புக் குழம்பு சாப்பிட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வருத்தப்பட்டவர்களை நான் பார்த்ததில்லை.

கடற்கரைச் சாலையின் வடகோடியில் இருந்தது அந்த வீடு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் எந்தத் துரையோ கட்டியது. தரையிலிருந்து மாடி உச்சி வரை ஒரே ஓட்டமாக நிமிர்ந்த தூண்கள். மேலே கைப்பிடிச் சுவரில் வரிசையாகச் சுண்ணாம்புச் சாடிகள். முட்டை வெள்ளைக்கரு ஊற்றி இழைத்த சுவர், நூறு வருஷத்துக் கடல் காற்று மோதியும் சங்கின் உள்பக்கம் போல வழவழவென்று இருக்கும். அந்தச் சுவருக்கு ஊற்றின முட்டையில் ஒரு குப்பமே வளர்ந்திருக்கும் என்று வைத்திக்குப்பத்தில் கேலி பேசிக்கொள்வார்கள். குப்பம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். குப்பத்து வாயில் அதற்குப் பெயர் வெள்ளவூடு.

அந்தச் சாலையில் வெள்ளை வீடுகள் வேறு இல்லாமல் இல்லை. ஆனால் மற்ற வீடுகளில் சன்னலின் சாய்பலகைக் கதவுகளுக்குப் பச்சை அடித்திருப்பார்கள், இல்லாவிட்டால் சாம்பல் நிறம். இந்த வீட்டில் கதவும் வெள்ளை. சைகோனில் பெரிய உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பிவந்த வீட்டுக்காரர், எல்லோரும் முசியே என்று கூப்பிடும் கிழவர், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக அடிக்க வைத்தாராம். மேல்மாடியில் கடலைப் பார்த்து ஏழு சன்னல்கள். சாத்தியிருந்தால் சுவர் எது, சன்னல் எது என்று தெரியாது. திறந்தால் உள்ளிருக்கும் இருட்டு ஏழு கறுப்புக் கட்டங்களாகத் தெரியும்.

ஆதிலட்சுமி அந்த வீட்டுக்குள் போனது எழுபத்திரண்டில். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் காசிலிங்கம், பாவாடை என்ற தம்பியோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். மாமியார் ராஜாம்பாள் அந்த வீட்டுச் சமையலறை வாசலுக்கு மீன் கொடுத்து வந்தவள். மாடி வேலை பார்த்த கிழவிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று, முசியேவின் மனைவி மதாம் ஆள் தேடுகிறார் என்று தெரிந்ததும் மருமகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டாள்.

மதாம் லெயோனி தமிழ்க்காரிதான். பேர், படிப்பு, பூசை, சாப்பாட்டு நேரம் இவையெல்லாம் மட்டும் பிரெஞ்சு. மெலிந்த உடம்பு, வெள்ளைக் கொண்டை, அளவாகப் பேசுகிற வாய். அன்று விடிவதற்கு முன்னால் புது வேலைக்காரியை மாடிக்குக் கூட்டிப்போனது அவள்தான். மரப்படி வளைந்து வளைந்து மேலே ஏறியது. கைப்பிடியில் கை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஆதிலட்சுமி கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டே ஏறினாள். மேலே ஒரு நீண்ட கூடம். அதை அவர்கள் சலோன் என்றார்கள். இருட்டில் எதுவும் தெரியவில்லை. காலுக்குக் கீழே கல் குளிர்ந்தது. மெழுகு வாசனை வந்தது. பேசினால் குரல் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது.

"தெக்கேருந்து ஆரம்பி. ஒண்ணொண்ணா. சூரியன் ஏறும்போது எல்லாம் தொறந்திருக்கணும். இந்த வீட்டு வழக்கம்" என்றாள் மதாம்.

முதல் சன்னலின் தாழ்ப்பாள் அவளுடைய முழங்கை நீளம் இருந்தது. தூக்கித் தள்ளினாள். வெளிச்சம் ஒரு பாய் விரிப்பு அளவுக்குத் தரையில் விழுந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பளிங்குத் தரை. இரண்டாவதைத் திறந்தாள். மேலே தொங்கிய கண்ணாடி விளக்குக் கொத்து மெல்லக் கிணுகிணுத்தது. மூன்றாவது. நாலாவதைத் திறந்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிர்ச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஒரு நிலைக்கண்ணாடி. அதற்குள் கடல் இருந்தது. முன்னாலும் கடல், பின்னாலும் கடல், நடுவில் இவள்.

கடலோரத்தில் பிறந்தவள். கடலோரத்தில் வாக்கப்பட்டவள். கடலைத் தெரியாதா என்றால், தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மணலில் நின்று பார்த்தால் கடல் என்பது நாலு அலையும் ஒரு கோடும்தான். மாடியிலிருந்து பார்த்தால் அதற்குள் பாதைகள் ஓடின. ஓரிடத்தில் ஈயம், ஓரிடத்தில் பச்சை, தூரத்தில் உருக்கிய தங்கம். அதன்மேல் கருஞ்சீரகம் சிந்தினது போலக் கட்டுமரங்கள். அதில் ஒன்றில் காசிலிங்கம் இருக்கிறான். எதில் என்று தேடிப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. இவ்வளவு பெரியதில் இவ்வளவு சின்னதாகவா என் புருஷன் தினமும் போய்விட்டு வருகிறான் என்று நினைத்தபடி சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். பயமா, பெருமையா, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"என்ன, மயக்கமா?" என்றாள் மதாம்.

"இல்ல மதாம். கடலு."

"கடலுக்கு என்ன?"

"பெருசா இருக்குது."

மதாம் சிரித்தாள். குப்பத்துக்காரி ஒருத்தி கடல் பெரிது என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தால், வலையை உலர்த்திக்கொண்டிருந்த காசிலிங்கம் தலையைத் தூக்காமலே கேட்டான்: "நாலாவது சன்னல்ல இன்னாத்தப் பாத்துக்கிட்டு நின்ன?"

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கெழவி தொறந்தா ஒரே சீராத் தொறப்பா. இன்னிக்கு நாலு வரைக்கும் வேகமா வந்துச்சு. அப்புறம் காணோம். செரி, நம்ம ஆளு எதையோ வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்கிறான்னு பாவாடைகிட்டச் சொன்னேன்."

அப்போதுதான் சொன்னான். கடலிலிருந்து பார்த்தால் ஊர் என்பது வெறும் கோடாம். தனியாக எழுந்து நிற்பது வெள்ளவூடு மட்டும்தான். மாதா கோயில் கோபுரத்துக்கு நேராக அந்த வீடு வரும்போது வலை இறக்கினால் மீன் தப்பாது, அவன் அப்பன் காலத்திலிருந்து அதுதான் அடையாளம். விடியும்போது முதலில் சாம்பலாக நிற்கும். அப்புறம் சூரியன் முதுகுக்குப் பின்னால் எழும்பும்போது ரோஜா நிறம். அப்புறம் வெள்ளை. கண் கூசுகிற வெள்ளை. அந்த நேரத்தில்தான் சன்னல்கள் ஒன்றொன்றாகத் திறக்கும்.

"ஒங்க மதாம் வூடு காலையில எங்களப் பாத்துச் சிரிக்கும். ஒவ்வொரு பல்லா விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றான். அவள் முறைத்ததும் கேலியை விட்டுவிட்டுச் சொன்னான்: "அழகுதான். எப்படின்னு எனக்குச் சொல்ல வராது. பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப என்ன ஒரு நாளு கூட்டிக்கிட்டுப் போ."

"பொம்பள மரத்துல ஏறக் கூடாது. கடலாத்தா கங்கம்மாவுக்கு ஆகாது." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "அப்படியே ஏறினாலும் நீ எதப் பாப்ப? தொறக்கிறவளே நீதான" என்றான்.

அன்றிரவு ஆதிலட்சுமி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். குப்பத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் தினமும் பார்க்கிறார்கள். எட்டாத தூரத்தில் இருந்து வந்த கப்பல்காரர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். திறக்கிற தன் ஒருத்திக்கு மட்டும் அது கிடையாது. இது என்ன நியாயம் என்று அவளுக்குப் பட்டது. சிலருக்கு நகை மேல் ஆசை, சிலருக்குப் புடவை மேல். இவளுக்கு இதுதான் ஆசை என்று ஆகிப்போயிற்று. வெள்ளவூட்டைக் கடலிலிருந்து ஒரே ஒரு விடியலில் பார்க்க வேண்டும்.

வேலை பழகியது. பிரமிப்பு மட்டும் பழகவில்லை. பளிங்குத் தரையைத் துடைப்பாள், கண்ணாடி விளக்குகளை இறக்கி ஒவ்வொன்றாகக் கழுவுவாள், படியின் கைப்பிடிக்கு மெழுகு போடுவாள். முதல்நாள் தொடவே பயந்த கைப்பிடி இப்போது அவள் கையால்தான் மின்னியது. ஆனாலும் தினமும் நாலாவது சன்னலைத் திறந்துவிட்டு ஒரு மூச்சு நேரம் கண்ணாடிக்கும் கடலுக்கும் நடுவில் நிற்பாள். கடலில் காசிலிங்கம் பாவாடையிடம் "நிக்கிறா பாரு" என்பான்.

எழுபத்தைந்தில் முதல் குழந்தை பிறக்கும்போதே போய்விட்டது. அவளும் கிட்டத்தட்டப் போய்த்தான் திரும்பினாள். அந்த நேரத்தில் காசிலிங்கம் கடலில் இருந்தான். கரைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷம் அவள் மறுபடி உண்டானபோது ஒரு வழக்கத்தை மட்டும் ஏற்படுத்திக்கொண்டான். ஏழாவது சன்னல், அதாவது குப்பத்துப் பக்கத்துக் கடைசிச் சன்னல், திறந்ததைப் பார்க்காமல் வலையை இறக்க மாட்டான். மீன் கூட்டம் காலடியில் துள்ளினாலும் சரி. பாவாடை திட்டித் தீர்ப்பான். இவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஆதிலட்சுமிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் நடந்தது நடந்திருக்காது.

எட்டு மாதம் நிறைந்திருந்தது. அன்று இருட்டோடு வேலைக்குப் போனால் வெள்ளவூட்டு வாசல் விளக்கெல்லாம் எரிகிறது. முசியே தூக்கத்திலேயே போய்விட்டார். வீட்டில் சாவு விழுந்தால் சன்னல் திறக்கக் கூடாது, கண்ணாடிக்குக் கறுப்புத் துணி போட வேண்டும், கடிகாரத்தை நிறுத்த வேண்டும். அது அவர்கள் வழக்கம். மதாம் கண்ணீர் விடாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஆதிலட்சுமி ஒவ்வொன்றாகச் செய்தாள். சலோன் நடுவில் முசியேவைக் கிடத்தி நாலு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து மார்பில் பதக்கம் குத்திய பழைய சொல்தாக்கள், பாதிரியார், கன்னியாஸ்திரீகள் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

கடலில் சூரியன் எழுந்தது. வீடு சாம்பலிலிருந்து ரோஜாவானது. ரோஜாவிலிருந்து வெள்ளையானது. வெள்ளையாகவே நின்றது.

"தூங்கிட்டிருக்கும்" என்றான் பாவாடை.

"அவ தூங்க மாட்டா."

"மதாம் எங்கியாச்சும் அனுப்பியிருப்பாங்க."

காசிலிங்கம் மரத்தைத் திருப்பினான். துடுப்பைப் போட்டான். குப்பத்துப் பக்கம் போகாமல் நேராக வீட்டைப் பார்த்துப் போட்டான். அங்கே கரை கிடையாது, கல்தான் கிடக்கிறது என்று பாவாடை கத்தினது காற்றோடு போயிற்று. அலை தூக்கிக் கொண்டுபோய் மரத்தைக் கல்மேல் போட்டது. கட்டு அறுந்து மரம் நாலு துண்டாகப் பிரிந்தது. வலை எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. முழங்காலில் ரத்தம் ஒழுக, கோவணத்தோடு, சாலையைத் தாண்டி, அவன் அம்மா சமையலறை வாசலைத் தாண்டாத அந்த வீட்டின் முன்வாசல் வழியாக ஓடி, வளைந்த படியை நாலு நாலாகத் தாவி ஏறினான்.

சலோனில் ஜெபம் நின்றது. கறுப்பு உடுப்புக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பளிங்குத் தரையில் கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு செம்படவன் நின்றுகொண்டிருந்தான். மெழுகுவர்த்தியின் பக்கத்தில், பெரிய வயிற்றோடு, கையில் திரி கத்தரிக்கிற கத்தரியோடு ஆதிலட்சுமி நின்றாள்.

"இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகுதான் அவனுக்கு இருக்கிற இடம் தெரிந்தது. தலைக்கு மேலே விளக்குக் கொத்தைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். இறந்தவரைப் பார்த்தான். இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டான். பின்பக்கமாகவே நடந்து, முதுகைக் காட்டாமல் வெளியேறினான். ஒருவரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதாம் மட்டும் அவன் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கமெல்லாம் முடிந்து மறுநாள்தான் மதாம் கேட்டாள். ஆதிலட்சுமி சொன்னாள். அவளுக்கே முந்தின நாள் பாவாடை சொல்லித்தான் தெரியும். ஏழு சன்னல், வலை, போன வருஷத்துக் குழந்தை எல்லாவற்றையும் சொன்னாள். மதாம் எழுந்து போய்ச் சாத்தியிருந்த சன்னலின் முன்னால் நின்றாள். நாற்பது வருஷமாக அந்தச் சன்னல்கள் வழியாகக் கடலைப் பார்த்தவள் அவள். கடலிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு நாளும் அவள் நினைத்ததில்லை.

"ஒரு வருஷம் துக்கம். ஆறு சன்னல் மூடியே இருக்கட்டும். ஏழாவத மட்டும் தினமும் தொறந்துடு. முசியே கோவிச்சுக்க மாட்டார்" என்றாள்.

அப்புறம்தான் அழுதாள்.

அடுத்த மாதம் ஜெயம் பிறந்தாள். சுகப் பிரசவம். பிரசவத்துக்காக அவள் வீட்டில் இருந்த பத்து நாளும் சமையல்காரி வந்து ஏழாவது சன்னலைத் திறந்தாள். குப்பத்தில் கதை பரவி, சன்னல்காரி என்ற பேர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

வருஷங்கள் போயின. மதாமுக்கு மூட்டு விட்டுப்போய்க் கீழ் அறையிலேயே கட்டில் போட்டுக்கொண்டாள். மாடிக்கு ஏறி நாலு வருஷம் ஆயிற்று. எண்பத்து நாலில் பாரீசிலிருந்து மகன் வந்தான். அம்மாவைத் தனியாக விட முடியாது, கூட்டிப் போகிறேன் என்றான். வீட்டை ஏதோ ஆபீசுக்கு விடுவதாகப் பேச்சு முடிந்தது. சாமான்கள் மரப்பெட்டிக்குள் போக ஆரம்பித்தன.

ஒரு நாள் மதாம் ஆதிலட்சுமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "உனக்கு இந்த வீட்டுலேருந்து என்ன வேணும், கேளு. வெக்கப்படாத."

வெள்ளித் தட்டு கேட்பாள், தேக்குக் கட்டில் கேட்பாள் என்று மகன் எதிர்பார்த்திருப்பான். ஆதிலட்சுமி கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு நாளு காலையில நீங்க சன்னல் தொறக்கணும் மதாம். நான் கடல்லேருந்து பாக்கணும்."

"நானா? சமையல்காரி தொறந்தா ஆகாதா?"

"யார் தொறந்தாலும் சன்னல் தொறக்கும். ஆனா நீங்க தொறந்தா அது ஒங்க வூடு."

மதாம் சிரித்தாள். பிறகு மாடிப்படியைப் பார்த்தாள். வளைந்து வளைந்து மேலே போகிற படி. "சரி" என்றாள்.

இந்தப் பக்கம் சரி. அந்தப் பக்கம் காசிலிங்கம் மசியவில்லை. "பன்னண்டு வருஷமா இதே பாட்டா? பொம்பளைய ஏத்துனா நாளைக்கு எவனுக்கு எது ஆனாலும் என் தலையிலதான் விடியும்." ஆதிலட்சுமி வாதாடவில்லை. நடந்ததை மதாமிடம் சொல்லிவிட்டுப் பேசாமல் பெருக்கப் போய்விட்டாள். மதாம் ஆள் அனுப்பினாள். காசிலிங்கம் சமையலறை வாசலில் வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"காசிலிங்கம், முசியே செத்த அன்னிக்கு நீ என் வீட்டுக்குள்ள எந்த வழியா வந்த?"

"முன்வாசல் வழியா வந்தேன், மதாம்."

"எப்படி வந்த?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஈரக் காலோட என் சலோன்ல நின்ன. சாவு வீட்டு வழக்கம் எல்லாத்தையும் மீறி நின்ன. உன்ன யாராவது ஏன்னு கேட்டோமா? அவளுக்காக வந்தன்னு விட்டோம். அவளுக்காக உன் மரம் ஒரு நாள் வழக்கத்த விடக் கூடாதா?"

காசிலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அவனுக்கு வேர்க்கவில்லை. "நாளைக்கு மறுநாளு கடலு அமைதியா இருக்கும்" என்றான்.

பாவாடைதான் பெரிய தொல்லை. வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தான். அப்புறம் தானே ஒரு வழி கண்டுபிடித்தான். "நான் முன்னாடி ஒக்காந்து கெழக்கப் பாத்துத் துடுப்பு போடுவேன். திரும்ப மாட்டேன். பின்னாடி யாரு இருந்தாங்கன்னு கங்கம்மா கேட்டா எனக்குத் தெரியாது." குப்பமும் அதே வழியைத்தான் கையாண்டது. அன்று விடியலுக்கு முன்னால் கரையில் முப்பது நாற்பது ஆம்பிளைகள் இருந்தார்கள். ஒருவன்கூட ஆதிலட்சுமியைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தான் ஒருவன், வலைக்கண்ணை எண்ணினான் இன்னொருவன். பார்க்காமல் இருக்க அத்தனை பேரும் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அலையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். மரம் அவளைத் தூக்கியது, போட்டது, முழுக்க நனைத்தது. பிறகு எல்லாம் அடங்கியது. கடல் மூச்சு விடுவது மட்டும் அடியில் தெரிந்தது. "இப்பத் திரும்பிப் பாரு" என்றான் காசிலிங்கம்.

பார்த்தாள். ஊர் இல்லை. மார்க்கெட் இல்லை, குப்பம் இல்லை, அவள் நடந்த தெரு ஒன்றும் இல்லை. நீளமாக ஒரு கோடு. அதன்மேல் சாம்பல் நிறத்தில் தனியாக வெள்ளவூடு. அவள் முதுகில் சூடு பட்டது. வீடு ரோஜா நிறமானது. தூண்களுக்கு நடுவில் நிழல் விழுந்து ஒவ்வொரு தூணும் தனித்தனியாக முன்னால் வந்து நின்றது. அதன் தலைகீழ் உருவம் தண்ணீரில் நடுங்கியது. அப்புறம் வெளிச்சம் முழுசாக விழுந்தது. அவள் கையால் துடைத்த வீடு, மெழுகு போட்ட வீடு, இண்டு இடுக்கெல்லாம் தெரிந்த வீடு. அது இதுதான் என்று நம்ப முடியவில்லை. இவ்வளவு பெரிய அழகுக்குள்ளா இத்தனை வருஷம் வாளியும் துணியுமாக வளைய வந்தோம் என்று நினைத்தாள். கோயிலில் சாமி கும்பிடுகிற மாதிரி கை தானாகக் குவிந்தது.

தெற்கு ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டம் திறந்தது.

"ஒண்ணு" என்றாள் மூச்சுக்குள்ளே.

இரண்டாவதற்கு வெகுநேரம் ஆனது. மதாமின் மூட்டு அவளுக்குத் தெரியும். தாழ்ப்பாளின் கனமும் தெரியும். இப்போது கைத்தடியை ஊன்றி நடக்கிறாள், இப்போது தடியைச் சுவரில் சாய்க்கிறாள், இப்போது இரண்டு கையாலும் தூக்குகிறாள். எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கிற மாதிரி இருந்தது. இரண்டு. மூன்று. நாலு. அங்கே நின்று கண்ணாடியைப் பார்ப்பாளா? பார்த்திருப்பாள், ஐந்து வர நேரமானது. ஆறு.

ஏழு வரவில்லை.

காத்திருந்தாள். மரம் ஆடியது. சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது. ஏழாவது இடத்தில் வெறும் வெள்ளைச் சுவர். விழுந்துவிட்டாளா? எழுபத்தெட்டு வயசுக் கிழவியைப் படி ஏற வைத்தேனே, பாவி. மகன் கீழே தூங்கிக்கொண்டிருப்பான். மேலே யாரும் இல்லை. அந்தக் கூடத்தில் கூப்பிட்டால் குரல் சுவரில் மோதித் திரும்பிவரும், ஆள் வரமாட்டார்கள்.

"திருப்பு" என்றாள். "ந்தா, மரத்தத் திருப்பு."

காசிலிங்கம் ஏனென்று கேட்கவில்லை. அவள் சொல்வதற்கு முன்பே துடுப்பு தண்ணீருக்குள் போயிருந்தது. மரம் திரும்பிவிட்டது. இப்போது முன்னால் இருந்த பாவாடையின் முகம் வீட்டைப் பார்த்தது. கிழக்கே மட்டும்தான் பார்ப்பேன் என்று சொன்னவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டான்: "எங்கடா போற?"

"ஏழாவது தொறக்கல."

"அய்யோ, மறுபடியும் அந்தக் கல்லு மேலயா?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் போட, தம்பியும் கண்ணை மூடிக்கொண்டே போட்டான். ஆதிலட்சுமி மரத்தின் கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அந்த வெள்ளைச் சுவரையே பார்த்தாள். ஒரு சன்னல் திறக்காவிட்டால் உடம்பில் இருக்கிற உயிர் எங்கே போய் நிற்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே தண்ணீரில் ஒருத்தன் இதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறான். 'இருக்கியா' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

ஏழாவது சன்னல் திறந்தது.

ஒரு பக்கக் கதவு முதலில், இன்னொரு பக்கம் பிறகு. கறுப்புக் கட்டத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்து நின்றது. கொண்டையாக இருக்கலாம், கைக்குட்டையாக இருக்கலாம். ஆதிலட்சுமி ஓவென்று அழுதாள். காசிலிங்கம் துடுப்பை மடியில் வைத்தான்.

"அன்னிக்கு ஒனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?" என்றாள்.

"ம்" என்றான்.

மதாம் விழவும் இல்லை, களைக்கவும் இல்லை. ஆறாவது சன்னலில் நின்று கடலைத் துழாவிக்கொண்டிருந்தாள். பிறகு அவளே சொன்னாள்: "எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கே, நீ எதுல இருக்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? தேடிக்கிட்டே நின்னுட்டேன்."

அது பிறகு நடந்த பேச்சு. அந்த நேரத்தில் கடலில் மரம் நின்ற இடத்திலேயே ஆடியது. வீடு ஏழு சன்னலும் திறந்து நின்றது. அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பார்த்து முடிகிற வரைக்கும் காசிலிங்கம் பொறுத்திருந்தான். அப்புறம்தான் வலையை இறக்கினான்.